பதினொரு ஒன்றுகள்

மாரிகுப்பத்தில் புறப்பட்டு பெங்களூர் போகும் காலைப் பாசஞ்சரில், பின்னாலிருந்து மூன்றாவது பெட்டி, இடது பக்கம், நான்காவது ஜன்னல். பதினான்கு வருடமாக அது பாக்யலட்சுமியின் இடம். எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் அவர் எழுந்து கதவு வரைக்கும் போய்த் திரும்புவதற்குள், பங்காருபேட்டையில் ஏறிய புது ஆள் யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால், சுற்றி இருக்கிற எட்டுப் பேரும் ஒன்றும் பேசாமல் அந்த ஆளையே பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் தானாக எழுந்துவிடுவார்.

மாரிகுப்பம் முதல் ஸ்டேஷன். ரயில் காலியாக நிற்கும். அங்கே ஏறுகிறவர்கள் அடுத்தடுத்த ஸ்டேஷன்களில் ஏறப்போகிறவர்களுக்குக் கைக்குட்டை, டிபன் பை, தண்ணீர் பாட்டில் எதையாவது போட்டு இடம் பிடித்து வைப்பது இந்த வண்டியின் முறை. பாக்யலட்சுமி மூன்று கைக்குட்டை வைத்திருப்பார். ஒன்று ஊரிகத்தில் ஏறும் ராஜமாணிக்கத்துக்கு. ஒன்று கோரமண்டலில் ஏறும் ஹரிஷ்குமாருக்கு. மூன்றாவது எனக்கு.

பாக்யலட்சுமிக்கு நாற்பத்தொன்பது வயது. மைசூர் மைன்ஸில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பழைய லைன் வீடு. ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு மருந்துக் கிடங்கில் பேக்கிங் வேலை. எட்டு மணி நேரம் நின்றபடி. சாயங்கால வண்டியில் யாருக்கும் உட்கார இடம் கிடைக்காது. வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் வாட்ச்மேன் வேலை முடித்துவந்த கணவர் மனோகர் பகலெல்லாம் தூங்குவார், இன்னொன்றில் அம்மா தாயம்மாவும் டிவியும். ஆக, ஒரு நாளில் பாக்யலட்சுமி உட்கார்ந்து, நோட்டை ஜன்னல் விளிம்பில் சாய்த்து, யாருடைய முழங்கையும் இடிக்காமல் எழுதக் கிடைப்பது காலையில் இந்த இரண்டு மணி நேரம்தான். அதில் அவர் வகுத்தல் கணக்கு போடுவார்.

எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். பி.யூ.சி.யில் பாதியில் நின்றவர். கணக்கில் எப்போதும் நல்ல மார்க், அதைத் தாண்டி அதில் ஒன்றும் செய்யவில்லை. 2020 ஜனவரியில் அவர் வேலை செய்யும் கிடங்கில், அட்டைப் பெட்டிகளுக்கு பேட்ச் நம்பர் அடிக்கும் மெஷின் ஒரு மதியம் சிக்கிக்கொண்டது. லேபிள் லேபிளாக ஒரே எண்ணைத் துப்பியது. பதினொரு ஒன்றுகள். 11111111111. சூப்பர்வைசர் கத்தினார். கெட்டுப்போன லேபிள் சுருள்களைக் குப்பையில் போடச் சொன்னார்கள். பின்பக்கம் எழுத நன்றாக இருக்கிறதே என்று பாக்யலட்சுமி நான்கு சுருள்களைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வண்டியில் நின்றபடி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாராம். இது எதால் வகுபடும்?

சின்னதிலிருந்து ஆரம்பித்தார். இரண்டு ஒன்றுகள், 11. அது உடையாது. மூன்று ஒன்றுகள், 111. அது மூன்று முப்பத்தேழு. நான்கு ஒன்றுகள் தானாக உடையும்: இரண்டு இரண்டாகப் பிரித்தால் 11, இன்னொரு 11. ஆறு ஒன்றுகளும் ஒன்பது ஒன்றுகளும் அப்படியே, மூன்று மூன்றாக. ஐந்து அப்படிச் சமமாகப் பிரியாது. ஆனாலும் 41-ல் உடைந்தது. ஏழும் பிரியாது. அது 239-ல் உடைந்தது. அடுத்துப் பிரியாத வரிசை பதினொன்று. அதுதான் லேபிளில் இருந்தது.

இரண்டு மூன்று வாரத்தில் ஆயிரம் வரைக்கும் பார்த்துவிட்டார். எதிலும் உடையவில்லை. பிறகு ஊரடங்கு வந்தது, ரயில் நின்றது.

அந்த மாதங்களில் வீட்டில் உட்கார்ந்து பட்டியல் தயாரித்தார். எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. எதாலும் வகுபடாத எண்களால், அதாவது பகா எண்களால், வகுத்தால் போதும். அதிலும் ஒரு லட்சத்து ஐயாயிரத்து நானூறு சொச்சம் வரைக்கும் போதும். அதை அதாலேயே பெருக்கினால் பதினொரு ஒன்றுகள் வந்துவிடுகிறது. ஆகவே அந்த எண் இரண்டு துண்டாக உடையுமானால், ஒரு துண்டாவது இந்த எல்லைக்குள் இருந்தே ஆக வேண்டும். லேபிள் சுருளின் பின்பக்கத்தில் ஒற்றைப்படை எண்களை வரிசையாக எழுதினார். மூன்றின் மடங்குகளை அடித்தார், ஐந்தின் மடங்குகளை, ஏழின் மடங்குகளை, இப்படி முன்னூற்றிப் பதினேழு வரைக்கும். அடிபடாமல் தப்பியவற்றைப் புது நோட்டில் எழுதினார். பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தாயம்மா அவரைக்காய் உரிப்பார். தாயம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "இன்னாத்துக்குடி இத்தினி நம்பரு, வோட்டர் லிஸ்டா?" என்று ஒரு தடவை கேட்டிருக்கிறார்.

தாயம்மாவுக்குப் படிக்கத் தெரிந்த எண் ஒன்றே ஒன்று. அதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராஜமாணிக்கம் வராத ஒரு நாள், கோரமண்டல் தாண்டிய பிறகு, பாக்யலட்சுமி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி எங்களிடம் சொன்னது. அப்போது குரலில் ஒன்றும் இல்லை.

1984-ல், அவருக்கு ஒன்பது வயது. அப்பா சின்னசாமி ஷிஃப்டில் இருந்தபோது சுரங்கத்தின் அடியில் பாறை வெடித்தது. உள்ளே இறங்குகிறவன் ஒவ்வொருவனும் தன் பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு இறங்குவான், மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பான். திரும்பாத டோக்கன்களின் எண்களை குமாஸ்தா ஜன்னலில் நின்று படிப்பார். பெயரைப் படிக்க மாட்டார். பெண்கள் வெளியே நின்று கேட்பார்கள். அன்றைக்கு ஆறு எண்கள். மூன்றாவது எண்ணின் கடைசி இலக்கம் வருவதற்குள் தாயம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு அந்த எண்ணை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை, எழுதுவதும் இல்லை. அந்த லைனில் இன்னும் சில வீடுகளில் இப்படி ஒரு எண் உண்டு. வாயில் வந்தால் மறுபடி ஒருமுறை கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும் என்று பயம். எட்டாம் வகுப்பில் ஒரு கழித்தலுக்கு விடையாக அதுவே வந்து நின்றபோது பாக்யலட்சுமி ஒன்றைக் கூட்டி எழுதினார். அந்தக் கணக்குக்கு மார்க் இல்லை.

"அது எந்த நம்பர்கா?" என்று ஹரிஷ்குமார் கேட்டான். அவன் இருபத்தாறு வயது, சாஃப்ட்வேர் வேலை, எதையும் கேட்டுவிடுவான்.

"அத்த சொல்றதில்லன்னு இப்பதானே சொன்னேன்" என்றார் பாக்யலட்சுமி.

ரயில் மறுபடி ஓட ஆரம்பித்து எல்லோரும் பழைய இடத்துக்கு வந்த பிறகு, 2021 அக்டோபரில், பந்தயம் வந்தது. ராஜமாணிக்கத்துக்கு ராபர்ட்சன்பேட்டையில் துணிக்கடை. கடை மனைவி வள்ளியை மட்டும் தாங்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டதால், இவர் சிக்பேட்டையில் ஒரு மொத்தக் கடைக்கு வேலைக்குப் போகிறார். பருத்த உடம்பு. பாக்யலட்சுமிக்கும் நடைபாதைக்கும் நடுவில் பதினான்கு வருடமாக நசுங்கி உட்கார்ந்து வருகிறவர். அன்றைக்கு நோட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, சுடுகாட்டு கேட்டு மாதிரி கம்பி கம்பியா நிக்க வெச்சுக்கீற?"

"இந்த நம்பர் உடையுமா உடையாதான்னு பாக்கறேண்ணா."

"உடையறதுன்னா?"

"மிச்சமில்லாம வகுபடறது."

"இவ்ளோ நீட்டு கம்பி எங்கியாவது உடையாம போவுமா? நம்ம வண்டி தண்டவாளமே மாசத்துக்கு ஒருவாட்டி உடையுது."

"உடையாதுன்னு தோணுது."

"பாக்கலாமா? உடையலன்னா ஆயுசுக்கும் பங்காருபேட்டையில உனக்கு டீ என்னுது."

"உடைஞ்சா?"

ராஜமாணிக்கம் ஜன்னலைப் பார்த்தார். சிரித்தபடிதான் சொன்னார். "இந்த எடம்."

வண்டி டேகல் தாண்டியது. பாக்யலட்சுமி நோட்டை மூடி, மறுபடி திறந்து, "சரி" என்றார். சிரிக்கவில்லை. ராஜமாணிக்கம்தான் கொஞ்சம் திகைத்தார். ஆனால் எட்டுப் பேர் கேட்டுக்கொண்டிருந்ததால் பின்வாங்க முடியவில்லை.

ஹரிஷ்குமாரை அம்பயராக வைத்தார்கள். அவன் இரண்டு சட்டம் போட்டான். ஒன்று, போனும் கால்குலேட்டரும் செல்லாது, கையால் எழுதிக் காட்டிய வகுத்தல் மட்டுமே செல்லும். இரண்டு, போனில் விடையைத் தேடிப் பார்த்தவன் எவனாக இருந்தாலும் மறுநாளிலிருந்து வேறு பெட்டி. "போன்ல போட்டா ஒரு செகண்ட் மேட்டரு குரு, அப்புறம் இன்னா கிக்கு" என்றான். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு பயணத்துக்குப் பத்து வகுத்தல். கை ஓடும் நாளில் பன்னிரண்டு. பதினொரு இலக்கத்தை ஐந்து இலக்கத்தால் வகுக்க அவருக்கு நாலைந்து நிமிடம் பிடிக்கும். அதிகமும் அந்த வண்டியின் ஆட்டத்தால். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் தேதி. ஒவ்வொரு வகுத்தலின் கீழும் மீதி, அதைச் சுற்றி ஒரு வட்டம். இரண்டே வித்தியாசத்தில் அடுத்தடுத்து வரும் பகா எண்களை ஜோடி என்று சொல்லி, ஓரத்தில் ஒரு வளைகோடு போட்டு இணைத்து வைப்பார். அது கணக்குக்குத் தேவையில்லை. அவருக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஊரிகத்தில் ஏறும்போதே ராஜமாணிக்கம் கேட்பார், ஸ்கோர் கேட்கிற மாதிரி: "எவ்ளோ ஆச்சு?"

"நாப்பதாயிரம் தாண்டிட்டேன்."

"விக்கெட்?"

"இல்ல."

"உழும், உழும்" என்று சொல்லி உட்காருவார். அவர் குரலில் எப்போதும் இருந்த அந்த நிச்சயம் எனக்குக் கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது.

இரண்டாம் வருடம் ஹரிஷ்குமார் எங்கேயோ ஒரு குறுக்கு வழி படித்துவிட்டு வந்தான். அந்தப் பதினொரு ஒன்றுகளை வகுக்கிற பகா எண் ஏதாவது இருந்தால், அதை இருபத்திரண்டால் வகுத்தால் மீதி ஒன்று வந்தாக வேண்டுமாம். அப்படிப்பட்டவற்றை மட்டும் பார்த்தால் பத்தில் ஒன்பது வேலை மிச்சம்.

"நெஜமா?"

"ப்ரூஃப் கீதுகா. காட்டட்டா?"

பாக்யலட்சுமி யோசித்தார். "வேணாம். எல்லாத்தயும் பாத்தேன்னு சொன்னா எல்லாத்தயும் பாத்திருக்கணும்" என்றார். ஹரிஷ்குமார் தோளைக் குலுக்கினான். அவர் எழுதிக்கொண்டே போனார்.

2025 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, மாலூரைத் தாண்டிய பிறகு, அவர் கடைசி மீதியைச் சுற்றி வட்டம் போட்டார். பேனாவை மூடினார். ஏழாவது நோட்டின் நாற்பத்தோராம் பக்கம்.

"முடிஞ்சிச்சு. உடையல."

யாரோ கைதட்டினார்கள். பக்கத்து வரிசையிலிருந்து கூட எழுந்து பார்த்தார்கள். பாக்யலட்சுமி எதிலும் கலந்துகொள்ளாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். யூக்கலிப்டஸ் தோப்பு ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் இருந்ததைச் சந்தோஷம் என்று சொல்ல வேண்டுமானால் சொல்லலாம்.

அப்போது ராஜமாணிக்கம் சொன்னார்: "அதெப்டி? அது உடையுமே!"

கைதட்டல் நின்றது.

"உங்களுக்கு எப்டி தெரியும் அங்கிள்?" என்றான் ஹரிஷ்குமார்.

ராஜமாணிக்கம் கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "எம் பொண்ணு தேஜஸ்வினி... பந்தயம் கட்டின அன்னிக்கி நைட்டே. நான் பாருன்னு சொல்லல. விஷயத்த சொன்னேன், அதுவே போன்ல பாத்துட்டு, 'உடையும்பா, நீ ஜெயிச்சுடுவே'ன்னுச்சு. எதுல உடையும்னு நான் கேக்கல. சாமி சத்தியமா கேக்கல."

"மூணு வருஷமா தெரிஞ்சுனே 'எவ்ளோ ஆச்சு, எவ்ளோ ஆச்சு'ன்னு கேட்டுனு வந்தீங்களா?"

"பின்ன இன்னா பண்றது? ஒருநாளு அதுவா உழும்னு பாத்துனு இருந்தேன்."

ஹரிஷ்குமார் போனை எடுத்தான். இனி சட்டத்துக்கு அர்த்தமில்லை. எண்ணை அடித்தான். பார்த்தான். பிறகு கீழே குனிந்து, பாக்யலட்சுமியின் பையிலிருந்து இரண்டாவது நோட்டை எடுத்தான். 2022 ஆகஸ்ட் மாதத்துப் பக்கங்களைப் புரட்டினான்.

"அக்கா, 21647 பார்த்திருக்கீங்க. அடுத்தது 21661. நடுவுல ஒண்ணு கீது. 21649. அத்த போடல."

ராஜமாணிக்கம் விடவில்லை. மாட்டிக்கொண்ட வெட்கம் அவருக்குக் கோபமாக மாறியிருந்தது. "பாத்தியா! அதுல உடையறத பாத்துட்டு, எடம் போயிடும்னு பக்கத்த மாத்தி எழுதிடுச்சு! எம் பொண்ணு போன்ல பாத்தது தப்புன்னா இது இன்னாவாம்?"

பாக்யலட்சுமி அவரைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அந்தப் பெட்டியில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு பையின் அடியிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட லேபிள் சுருளை எடுத்தார். ஊரடங்கில் எழுதிய முதல் பட்டியல். மடியில் அதை விரித்துக்கொண்டே போனார். ஹரிஷ்குமார் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். இருபத்தோராயிரம் வந்தது. அறுநூறு வந்தது.

21645, அடித்திருந்தது. 21647, அடிக்காமல். அதற்கு அடுத்து எண்ணே இல்லை. ஒரு சின்னக் கோடு. பிறகு 21651, அடித்திருந்தது. அடித்த எண்களின் கோடுகளுக்கு நடுவில் அந்தக் கோடும் இன்னொரு அடித்த எண் மாதிரியே கிடந்தது. நோட்டுக்கு மாற்றி எழுதும்போது கண் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. ஜோடி எண்களுக்கு வளைகோடு போடுகிறவர், 21647-க்குப் பக்கத்தில் ஒன்றும் போட்டிருக்கவில்லை.

பாக்யலட்சுமி அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார். வண்டி தேவன்கொந்தியில் நின்று புறப்படும் வரைக்கும் எடுக்கவில்லை.

"அம்மா பக்கத்துல உக்காந்துனு இருந்துச்சு" என்றார். யாரிடம் என்று சொல்ல முடியாது.

ராஜமாணிக்கத்துக்குப் புரியவில்லை. "அதுக்கு?"

"அது எங்கப்பா டோக்கன்ணா."

ராஜமாணிக்கத்தின் கை கர்ச்சீப்போடு பாதியில் நின்றது. அவரும் இந்த ஊர்க்காரர்தான். கடைக்காரக் குடும்பம் என்றாலும் அவருக்கு அது என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை.

"உடு" என்றார். "உடும்மா. தெரியாம பேசிட்டேன். அத்த போட வேணாம். அம்பயர், இன்னா உன் சட்டம்? கையால எழுதினதுதான் செல்லும்னு சொன்ன இல்ல? அந்த நம்பர கையால எழுதவே இல்ல. போன் செல்லாது. அப்போ உடையல. அவ்ளோதான். ஜன்னல் அதோடது."

ஹரிஷ்குமார் யோசித்தான். "சட்டப்படி கரெக்ட்" என்றான். "எழுதிக் காட்டாதவரைக்கும் உடையலன்னுதான் அர்த்தம்."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எல்லோருக்கும் அது நல்ல முடிவாகத்தான் இருந்தது. பாக்யலட்சுமி பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் சும்மா இருந்தால் போதும். நாற்பது வருடமாகச் செய்ததையே இன்னொரு தடவை செய்தால் போதும். ஜன்னல் அவருடையதாகவே இருக்கும்.

"பத்தாயிரம் நம்பர் போட்டேன்" என்றார். "ஒண்ணு போடாம முடிஞ்சிச்சுன்னு எப்டி சொல்றது?"

ஏழாவது நோட்டில் நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்தார். தேதி போட்டார். பதினொரு ஒன்றுகளை எழுதினார். அவற்றின் இடது பக்கம் வளைவு போட்டார். அதற்கு வெளியே எழுத வேண்டியது அந்த எண்.

2 எழுதினார். 1 எழுதினார். பேனா நின்றது. வண்டி ஒரு வளைவில் திரும்பியது. எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தோம். 6, 4, 9 என்று மீதி மூன்றையும் வேகமாக எழுதினார், சூட்டைத் தொட்டு எடுக்கிற மாதிரி.

பிறகு கணக்கு. அதில் அவர் எப்போதும்போலத்தான் இருந்தார். ஒரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றிப் பதினொன்றில் ஐந்து தடவை. ஒன்றை இறக்கினார். ஒரு தடவை. ஒன்றை இறக்கினார். மூன்று தடவை. இரண்டு. மறுபடி மூன்று. கடைசி ஒன்றை இறக்கியபோது கீழே இருந்தது 194841. பக்கத்து ஓரத்தில் 21649-ஐ ஒன்பதால் பெருக்கினார். 194841. அதை இதன் கீழே எழுதினார். இலக்கத்துக்கு இலக்கம் சரியாக உட்கார்ந்தது. கோடு போட்டு, ஒரு சைபர் எழுதினார். சைபரைச் சுற்றி வட்டம் போட்டார், மற்ற பத்தாயிரத்துக்கும் போட்ட மாதிரியே.

"இருபத்தோராயிரத்து அறுநூத்தி நாப்பத்தொம்போது" என்றார், சத்தமாக. "அஞ்சு லட்சத்து பதிமூவாயிரத்து இருநூத்தி முப்பத்தொம்போது வாட்டி. மிச்சம் இல்ல. உடைஞ்சிடுச்சு."

அவர் சுருளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டார், நோட்டுகளைப் பைக்குள் அடுக்கினார், எழுந்தார். ராஜமாணிக்கத்தின் முழங்காலைத் தாண்டி நடைபாதைக்கு வந்து கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். "உக்காருங்கண்ணா."

"சும்மா இரும்மா. உக்காரு."

"பேசினா பேசினதுதானே."

"நான் போன்ல பாத்தவன்மா. எனக்கு இந்தப் பெட்டியே கெடையாது." ராஜமாணிக்கமும் எழுந்தார். ஒயிட்ஃபீல்டு வரும்வரை இருவரும் நின்றுகொண்டே வந்தார்கள். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக அந்த ஜன்னலோரம் காலியாக இருந்தது. யாரும் உட்காரவில்லை, நான் உட்பட. அங்கே பாக்யலட்சுமி இறங்கிப் போனார், திரும்பிப் பார்க்காமல். வழக்கமாகவும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

திங்கட்கிழமை காலையில் அவர் எப்போதும்போல மாரிகுப்பத்தில் ஏறியிருந்தார். ஹரிஷ்குமாருக்குக் கைக்குட்டை இருந்தது. எனக்கு இருந்தது. ஜன்னல்மேல் எதுவும் போட்டு வைக்கவில்லை. சாம்பியனில் ஏறிய யாரோ ஒருவர், சாப்பாட்டுப் பையோடு, அங்கே உட்கார்ந்திருந்தார். நாங்கள் யாரும் அவரைப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவர் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கிப்போனார்.

பாக்யலட்சுமி கதவுப் பக்கச் சுவரில் நோட்டை அழுத்தி வைத்து நின்றபடி எழுதிக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, மறுபடியுமா?" என்றான் ஹரிஷ்குமார்.

"பன்னெண்டு ஒண்ணு தானா உடையும். பதிமூணு பாத்தேன். ஊரிகம் வர்றதுக்குள்ள உடைஞ்சிடுச்சு. அம்பத்திமூணுல."

"அடுத்து பதினேழா? அதுக்குப் பத்தரைக் கோடி வரைக்கும் பாக்கணும்கா."

"பாக்கலாம்."

"பட்டியலுக்கே ஆயுசு பத்தாது."

"அந்தக் குறுக்கு வழி சொன்னியே, அது பதினேழுக்கும் கீதா?"

ஹரிஷ்குமார் அவரை நிமிர்ந்து பார்த்தான். "கீது. இருபத்திரெண்டுக்குப் பதிலா முப்பத்திநாலு."

"எழுதிக் குடு. ப்ரூஃபும்."

பங்காருபேட்டையில் வண்டி நின்றதும் பக்கத்துப் பெட்டியிலிருந்து ராஜமாணிக்கம் இறங்கி வந்தார். கையில் இரண்டு டீ. பெட்டிக்குள் ஏறவில்லை. கதவுக்குக் கீழே, பிளாட்பாரத்தில் நின்றபடி ஒன்றை நீட்டினார்.

"தோத்தவங்கதானே டீ வாங்கணும்?" என்றார் பாக்யலட்சுமி.

"ரெண்டு பேரும்தான் தோத்தோம். நாளைக்கி நீ வாங்கு." டீயை ஒரு வாய் குடித்தார். குரலைத் தாழ்த்தினார். "அந்த நம்பரு... வீட்டுல தெரியுமா?"

"நேத்து பட்டியல்ல கோடு போட்ட எடத்துல எழுதினேன். அம்மா பக்கத்துலதான் இருந்துச்சு."

"அய்யோ. பாத்துச்சா?"

"பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு."

"இன்னா சொல்லுச்சு?"

பாக்யலட்சுமி கப்பைக் கசக்கி வெளியே போட்டார். வண்டி லேசாக இழுத்தது. ராஜமாணிக்கம் தன் பெட்டியை நோக்கி ஓட ஆரம்பித்தார். அவர் காதில் விழ வேண்டும் என்று பாக்யலட்சுமி கதவில் சாய்ந்து சத்தமாகச் சொன்னார்:

"நாலு தப்பா போட்டுக்கீறேன்னுச்சு. டோக்கன்ல நாலு மேல தொறந்து இருக்காதாம், மூடி இருக்குமாம். அடிச்சு திருத்திட்டேன்."

பிறகு உள்ளே வந்து, சுவரில் நோட்டை வைத்து, பதினேழு ஒன்றுகளை எழுத ஆரம்பித்தார். எண்ணி எண்ணி, ஒன்றுகூட விட்டுப்போகாமல்.